வெளியாள் போணி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆரியசாலைக் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டெலிபோன் பூத்தில் பதினான்கு வருடம் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் கேட்டவளுக்கு வாய் நீளாமல் வேறென்ன நீளும்? அப்படிப்பட்ட நான், வாயைத் திறந்தே ஆகவேண்டிய ஒரு விஷயத்தில் நாலு மாதம் ஊமையாக இருந்தேன். அதில் ஒரு குடும்பத்தின் கடை போயிற்று. கடையோடு நின்றிருந்தால்கூட இதை நான் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

இரண்டாயிரத்தொன்றாம் வருடம். பூத்துக்கு ஆள் குறைந்துபோனதால் கடன் வாங்கி மூன்று கம்ப்யூட்டர் போட்டு, 'ரத்னா ப்ரௌஸிங் சென்டர்' என்று போர்டு மாட்டியிருந்தேன். காலேஜ் பிள்ளைகள் வருவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் ஸ்டாச்சு ஜங்ஷன் பக்கம் ஏ.சி. போட்ட இடங்களுக்குப் போய்விட்டார்கள். நானும் மூன்று பெட்டிகளும் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு நேர் எதிரே அழகியநம்பியின் நாட்டுமருந்துக் கடை. அவனுடைய தாத்தா காலத்து வாடகைக் கடை. கடுக்காய், திப்பிலி, அதிமதுரம், ஓமம் என்று நூற்றெட்டு டப்பாக்கள். காலையில் அவன் ஷட்டரைத் தூக்கினால் என் கம்ப்யூட்டர்வரை சுக்கு மணக்கும். கை தங்கமான கை. ஐம்பது கிராம் என்று அள்ளினால் தராசு ஐம்பதில்தான் நிற்கும். அந்தக் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் பாவி. தம்பானூரில் ஒரு ஹோட்டலில் யாரோ கோட்டுப் போட்டவன் நடத்திய கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தான். "ஆறே மாசத்துல நம்ம கடை உலகக் கடை ஆயிரும் அக்கா" என்றான். உலகத்துக்கு வேறு வேலை இல்லை பாருங்கள், திப்பிலி வாங்க ஆரியசாலைக்கு ஓடி வர!

சித்திரை விஷு அன்று வெப்சைட் திறந்தான். டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் கிருஷ்ணகுமார் என்கிற பையன் செய்துகொடுத்தான். திரிபலா, சுக்கு, கஸ்தூரி மஞ்சள் என்று அழகழகாகப் படங்கள். பக்கத்தின் அடியில் கறுப்புக் கட்டத்துக்குள் பச்சையாக ஒரு எண். பக்கத்தை யார் திறந்தாலும் அதில் ஒன்று கூடும். தெருவையே என் சென்டருக்குக் கூப்பிட்டு, சூடம் காட்டி, சர்க்கரை கொடுத்தான். முப்பது வியாபாரிகள் முண்டியடித்துக்கொண்டு அந்த எண் நகர்வதைப் பார்த்தார்கள்.

இங்கே எங்கள் தெரு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புதிதாக யார் கடை திறந்தாலும், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் காலையில் தங்கள் ஷட்டரைத் தூக்கும் முன் அங்கே போய் எதையாவது வாங்கிப் போணி பண்ணுவார்கள். ஒரு தீப்பெட்டியோ, கால் கிலோ பொட்டுக்கடலையோ, எதுவானாலும் சரி. தெருவுக்குச் சம்பந்தமில்லாத வெளியாள் ஒருவன் வந்து முதல் போணி பண்ணும்வரை இது நடக்கும். சொந்தக்காரன் வாங்கினால் கணக்கில் சேராது. இன்னொன்று, 'உனக்காகத்தான் வாங்குகிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. தனக்குத் தேவை இருப்பது போல வந்து, விலைகூடப் பேசி வாங்கவேண்டும். சொல்லிவிட்டால் அந்தப் போணி செல்லாது.

விஷுவுக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு மிளகாய்வத்தல் மண்டி பகவதிப்பெருமாள் அண்ணாச்சி என் சென்டருக்குள் வந்து நின்றார். அறுபது வயது. மவுஸைப் பிடிக்கச் சொன்னால் கைக்குள் அமுக்கி நசுக்கப் பார்க்கிற ஆள்.

"ரத்னா, நம்பிக்கு கம்ப்யூட்டர் கடைல போணி பண்ணணும்லா? எப்பிடிப் பண்ணுதது?"

"அதுல வாங்கணும்னா பேங்க் கார்டு வேணும் அண்ணாச்சி."

"நமக்கு ஏது கார்டு? அப்பம் எட்டிப் பாத்துட்டுப் போனா ஆகாதா?"

"ஆகும்" என்றேன். ஆகும் என்று சொல்ல நான் யார்? ஆனால் சொன்னேன்.

அன்று அவர். அடுத்த நாள் ஆறு பேர். வார முடிவில் தெரு முழுக்க. எட்டு மணியிலிருந்து ஒன்பதுக்குள் வரிசையாக வருவார்கள். பக்கத்தைத் திறப்பார்கள், கடுக்காய் படத்தை அமுக்கிப் பார்ப்பார்கள், மறுபடி முதல் பக்கத்துக்கு வருவார்கள். ஆளுக்கு மூன்று தடவை அந்தப் பச்சை எண் நகரும். ஆளுக்கு ஐந்து ரூபாய் என் மேசைக்கு வரும். நம்பி கரமனை வீட்டிலிருந்து பஸ் பிடித்து ஒன்பதரைக்குத்தான் வருவான். அவன் வரும்போது தெருவே ஒன்றும் அறியாத முகத்தோடு அவரவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்.

அவன் என் முதல் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எண்ணைப் பார்த்துக் குட்டி நோட்டில் எழுதிக்கொள்வான்.

"அக்கா! நேத்தைக்கும் இன்னைக்கும் எடையில தொண்ணூத்தாறு! ஒரு நாளைல தொண்ணூத்தாறு பேரு நம்ம கடைக்குள்ள ஏறியிருக்காவ!"

"ஏறினவங்க வாங்கினாங்களா தம்பி?"

"முதல்ல பாப்பாவ, பொறவு வாங்குவாவ. நம்ம கடைல பத்துப் பேரு படி ஏறினா ஏழு பேராவது வாங்கிட்டுத்தானே எறங்குவான்? இதுல பத்துல ஒண்ணுன்னு வச்சாலும் போதுமே."

இங்கேதான் அவன் புத்தி சறுக்கியது. ஆரியசாலையில் வெயிலிலும் சேற்றிலும் நடந்து வந்து ஒருத்தன் மருந்துக்கடைப் படி ஏறுகிறான் என்றால் அவன் வீட்டில் யாருக்கோ இருமல் என்று அர்த்தம். வாங்கத்தான் வருவான். கம்ப்யூட்டரில் எட்டிப் பார்க்கிறவனுக்கு என்ன இருமல்? கிருஷ்ணகுமார் பையன் இதை அவனிடம் நேராகவே சொன்னான். என் முன்னால்தான்.

"சேட்டா, நூறு பேர் பார்த்தா ஒராள் வாங்கினாலே வலிய காரியமாணு. ரெண்டு வருஷம் இதை ஒரு ஓரமா நடத்துங்க. கடையை விட்டுடாதீங்க கேட்டோ. கடைதான் இதுக்குச் சோறு போடணும், இது கடைக்குப் போடாது."

"நீ ஆபீஸ்ல இருக்கப்பட்ட ஆளுடே. உனக்குக் கச்சவடம், யாவாரம் எதுவும் தெரியாது" என்று நம்பி சிரித்துவிட்டான்.

வைகாசி போய் ஆனி வந்தது. விசாரித்து வந்த மெயில்கள் பத்து இருக்கும். உண்மையில் சரக்குப் போனது ஒரே ஒரு இடத்துக்கு. மஸ்கட்டில் இருக்கும் அவன் மச்சினனுக்கு. பச்சை எண் மட்டும் ஒரு நாளும் தவறாமல் ஏறியது. மழை கொட்டினாலும் ஏறியது, பந்த் அன்றைக்குக்கூட ஏறியது, தெருக்காரர்கள் என் பின்வாசலைத் தட்டி வந்து போணி பண்ணிவிட்டுப் போனார்கள். அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு, வாடகை வீட்டில் பாம்பு குடியிருப்பது தெரிந்தும் வீட்டுக்காரனிடம் சொல்லாமல் வாசலைப் பெருக்கிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

பகவதிப்பெருமாள் அண்ணாச்சி மாதம் ஒரு தடவை கேட்பார். "வெளியாள் போணி விழுந்தாச்சா ரத்னா?"

"இன்னும் இல்ல அண்ணாச்சி. இன்னும் கொஞ்ச நாள் வாருங்க."

இல்லை என்பது உண்மைதான். ஆனால் 'கொஞ்ச நாள் வாருங்க' என்பதை யாருக்காகச் சொன்னேன்? என் கடன் தவணை அந்தக் காலை ஒரு மணி நேரத்தில்தான் அடைந்துகொண்டிருந்தது. சொன்னால் போணி செல்லாது என்ற வழக்கம் எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. இதை ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் உண்மை.

நம்பி கடையில் நிற்பது குறைந்தது. என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பான். எதிரே குடையை மடக்கிக்கொண்டு யாராவது ஒரு அம்மாள் பிள்ளைமருந்துக்கு வந்து கடைவாசலில் நனைந்தபடி நிற்பாள். "தம்பி, ஆள் நிக்குது" என்பேன். "ஒரு நிமிஷம் அக்கா" என்பான். அந்த ஒரு நிமிஷத்தில் அவள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவாள். முப்பது வருட வாடிக்கை அப்படி ஒவ்வொன்றாக நனைந்து போனது.

கர்க்கடக மாதம், அதாவது ஆடியில், ஒரு மத்தியானம் அவன் மனைவி வடிவாம்பாள் வந்தாள். களக்காட்டுக்காரி. கல்யாணமாகி வந்து பத்து வருடமாகியும் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கமாட்டாள். அன்றைக்கு நேராக என் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, கடைச் சாவியைத் திருப்பிக் குடுக்கப் போறாரு. சிங்கம் ஒண்ணுக்கு, ஆவணி பொறக்கையில, சாம்பசிவன்னு ஒருத்தரு பிளாஸ்டிக் சாமான் கடை போடப்போறாராம். சாவிய விட்டுக்குடுக்க அவரு தர்ற பணத்துல வீட்டுலயே கம்ப்யூட்டர் போட்டு, சரக்கை மாடில வச்சு அனுப்பலாம்னு சொல்லுதாரு."

எங்கள் தெருவில் ஒருவன் சாவியைக் கொடுத்தால் திரும்ப வாங்கிய சரித்திரமே கிடையாது. பழைய வாடகையும் பழைய உரிமையும் சாவியோடு போய்விடும்.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. நீங்க தினம் பாக்குதியோ. அந்த நூறு பேரு நெசமாவே வாறாவளா? நீங்க ஆமான்னு சொன்னா நான் மனசத் தேத்திக்கிடுவேன். இல்லன்னா இன்னைக்கே போயி அவரு கால்ல விழுந்து தடுத்துருவேன்."

அவள் என் கையைப் பிடித்திருந்தாள். விரல்கள் சில்லிட்டிருந்தன. வெளியே மழை.

"வாறாங்க வடிவு" என்றேன். "நம்பர் ஏறுதுல்லா."

பொய் இல்லை. வருகிறார்கள், நம்பர் ஏறுகிறது. இப்படி ஒரு பதிலைச் சொல்வதற்கு நான் பொய்யே சொல்லியிருக்கலாம். அவள் நம்பிவிட்டுப் போனாள். போகும்போது "புண்ணியமாப் போவும் அக்கா" என்றாள். அந்த வார்த்தை இன்னும் என் காதில் நிற்கிறது.

அன்று சாயங்காலம் அண்ணாச்சியிடம் ஓடினேன். "அண்ணாச்சி, நம்பிகிட்ட சொல்லிருவோம். அவன் சாவியக் குடுக்கப் போறான்."

அவர் வத்தல் மூட்டைக்கு மேலே இருந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார். "போணியச் சொல்லச் சொல்லுதியா? நாலு மாசம் தெருவே பண்ணின போணி. சொன்னா அத்தனையும் பாழு. அவனுக்கு வெளியில நல்ல ஓட்டம் இருக்குன்னுதானே சாவியக் குடுக்கான்? நம்ம எட்டிப் பாக்குததா கணக்கு?"

அவருக்கும் அந்த எண் எதைக் காட்டுகிறது என்று தெரியவில்லை. முப்பது பேரும் தாங்கள் போடுவது ஒரு கைப்பிடி என்றும், மீதி மூட்டை எங்கிருந்தோ வருகிறது என்றும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மூட்டையே அந்தக் கைப்பிடிதான் என்று எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அதை அவருக்கு விளக்கிச் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. மறுநாள் காலை எட்டு மணி ஞாபகம் வந்தது. "சரி அண்ணாச்சி" என்று திரும்பி வந்துவிட்டேன்.

சிங்கம் ஒன்றாம் தேதி. எதிரே சாம்பசிவன் வாழைமரம் கட்டி, சிவப்பு பக்கெட்டுகளைக் கோபுரமாக அடுக்கியிருந்தார். எட்டு மணிக்கு நான் மூன்று கம்ப்யூட்டரையும் போட்டு வைத்துக் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. அண்ணாச்சி கையில் ஒரு மஞ்சள் மக்கைப் பிடித்துக்கொண்டு எதிர்க் கடையிலிருந்து இறங்கினார். அவருக்குப் பின்னால் பலசரக்குக் கடைக்காரர் ஒரு சோப்பு டப்பாவோடு. அப்புறம் ஜவுளிக்காரர். தெரு முழுக்க அங்கே விலை பேசிக்கொண்டிருந்தது. ஆம், புதுக் கடைக்குத்தானே போணி. நம்பி இப்போது தெருக்காரன் இல்லை.

நான் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எண்ணில் ஒன்று கூடியது. அது நான்.

முதல் வாரம் நம்பி லைனைக் குறை சொன்னான். இரண்டாவது வாரம் கிருஷ்ணகுமாரைப் பிடித்து எண்ணிப் பார்க்கும் யந்திரத்தில் கோளாறு என்று சண்டை போட்டான். ஓணத்துக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாப்பில் அவனைப் பார்த்தேன். தாடி வளர்ந்திருந்தது. "அக்கா, கடையில ஒரு ஈ காக்கா இல்லாத மாதிரி இருக்கு" என்றான். அவன் தோளைப் பிடித்து உலுக்கி எல்லாவற்றையும் கொட்டிவிடத் தோன்றியது. பஸ் வந்துவிட்டது.

அதற்கு மறுநாளிலிருந்து ஒரு கிறுக்கு வேலையை ஆரம்பித்தேன். தினம் காலை சரியாக ஒன்பது மணிக்கு அவன் பக்கத்தைத் திறந்தேன். ஒரே ஒரு தடவை. என்னமோ அவனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுப்பதாக நினைப்பு. தண்ணீரா கொடுத்தேன்? ஐப்பசியில் வடிவு ஒரு தடவை பூத்துக்கு வந்து மஸ்கட்டுக்குப் போன் பண்ணினாள். கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தும் அழுகை கேட்டது. வெளியே வந்து பணம் கொடுக்கும்போது சொன்னாள்.

"வீட்டுல காலைல இருந்து நம்பரையே பாத்துக்கிட்டு இருக்காரு, தினம் ஒம்பது மணிக்கு ஒருத்தரு வாறாராம் அக்கா. ஒரு நாளும் தப்புறது இல்லையாம். அமெரிக்காவா இருக்கும், அங்க ராத்திரி வேலை முடிஞ்சு வந்து பாக்காராம். அந்த ஒருத்தரு பெரிய ஆளாத்தான் இருக்கணும், மொத்தமா எடுக்கதுக்கு நோட்டம் பாக்காருன்னு சொல்லுதாரு. அவருக்கு முன்னால கடை பெருசாத் தெரியணுமாம். புது வெப்சைட்டு, தம்பானூர்ல ஆபீஸ். அதுக்குக் களக்காட்டுல எங்கம்மா எனக்கு எழுதிவச்ச வீட்ட விக்கப் போறாரு. வர்ற திங்கக்கிழமை பத்திரம்."

அவள் கொடுத்த சில்லறையை எண்ணக்கூட முடியவில்லை.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நான் பக்கத்தைத் திறக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். திறக்காவிட்டால் அவனுக்குப் புத்தி வரும் என்று நினைத்தேன். ஒன்பதரைக்கு நம்பி வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. களக்காட்டுக்குப் போக நாகர்கோவில் பஸ்ஸுக்குக் கிளம்பியவன், வழியில் இறங்கி வந்திருக்கிறான்.

"வீட்டு லைன்ல என்னமோ தகராறு அக்கா. இங்க பாக்குதேன்." பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு முதல் கம்ப்யூட்டரைத் திறந்தான். பையின் வாய் வழியாகப் பத்திரத்தின் பச்சைத் தாள் தெரிந்தது. எண் வந்தது. அவன் தன்னுடையது ஒன்றைக் கழித்துப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று.

"அவரு இன்னைக்கு வரல்ல. ஒரு நாளும் இப்பிடி ஆனதே இல்ல அக்கா. அந்த மனுசனுக்கு ஒடம்புக்கு ஏதாவது ஆயிருக்குமோ?"

அவ்வளவுதான். எனக்கு அடக்க முடியவில்லை. "தம்பி, அது நான்டா!" என்றேன். விஷுவுக்கு மறுநாள் அண்ணாச்சி வந்ததிலிருந்து சாம்பசிவன் கடை மக் வரைக்கும் கொட்டினேன். முப்பது பேரின் பெயரையும் சொன்னேன். ஐந்து ரூபாயைச் சொன்னேன். வடிவு கேட்டபோது நான் சொன்ன பதிலைச் சொன்னேன். "பத்திரத்த எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ. உன் கால்ல வேணும்னாலும் விழுதேன்."

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாகச் சிரித்தான். என்னைச் சமாதானப்படுத்துகிற சிரிப்பு.

"அக்கா, நானும் அந்தத் தெருவுல பொறந்து வளந்தவன்தானே? போணி பண்ணினவன் வாயத் தெறந்து சொல்லமாட்டான். நீங்க சொல்லுதியோன்னா அது போணி இல்ல. என் வீடு போயிருமேன்னு பயந்து நீங்களா கட்டிச் சொல்லுதியோ. எனக்குத் தெரியாதா?"

"அப்பம் பாரு. உன் கண்ணு முன்னால அமுக்குதேன்."

மூன்றாவது கம்ப்யூட்டருக்குப் போய் உட்கார்ந்தேன். அவன் முதுகு எனக்குத் தெரிந்தது. "திரும்பி என்னயப் பாரு நம்பி. என் கையப் பாரு" என்றேன். அவன் திரும்பவில்லை. கழுத்து விறைத்திருந்தது, காது இரண்டும் சிவந்திருந்தன. திரும்பியிருந்தால் என் விரல் தெரிந்திருக்கும். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அமுக்கினேன். பக்கம் மெல்ல மெல்ல இறங்கியது. அவன் தன் பக்கத்தைப் புதுப்பித்தான். உதடு அசைந்தது, கழித்துப் பார்த்தான்.

"வந்துட்டாரு" என்றான். குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "பாத்தியளா? வந்துட்டாரு அக்கா."

எழுந்து பையை எடுத்துக்கொண்டான். அவன் கண் என் கண்ணைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சில்லறையைத் துழாவி, ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை என் கையில் வைத்தான். காலியாகக் கிடந்த சென்டரைச் சுற்றிப் பார்த்தான்.

"இன்னைக்கு உங்களுக்கு நான்தானா போணி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் படி இறங்கினான்.

நாகர்கோவில் பஸ் கிழக்கே கோட்டை ஸ்டாண்டில் பத்து மணிக்கு எடுப்பார்கள். ஓடினால் பிடித்துவிடலாம், அவனையும் பஸ்ஸையும். நான் ஓடவில்லை. போணிக் காசு வாங்கினால் கண்ணில் ஒற்றிக்கொள்வது என் கைக்குப் பதினான்கு வருடப் பழக்கம். கை அதைச் செய்து முடித்திருந்தது.